வீட்டுக்கு ரேடியோ ஸ்கேனர் வாங்க நினைக்கிறேன்: எதைப் பார்த்து வாங்குவது?

பிளேனோவாசி:

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் டாலஸ் நகருக்கு வடக்கே குடும்பத்தோடு குடியேறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஏப்ரலில் ஓரிரவு டொர்னாடோ எச்சரிக்கைச் சங்கு ஊதியபோது, கைப்பேசி ஒன்று சொல்ல, தொலைக்காட்சி வேறொன்று சொல்ல, நாங்கள் குழந்தைகளோடு படிக்கட்டுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு நின்றோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் கையடக்கமான ஒரு பெட்டியைக் காதருகே பிடித்துக்கொண்டு வெளியே வந்து, மேகம் கிழக்கே விலகிவிட்டது என்று பதற்றமில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். அது, பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடி அவற்றில் நடக்கும் பேச்சைக் கேட்கவைக்கும் ரேடியோ ஸ்கேனர் என்பதை மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதுபோல ஒன்று வாங்க விரும்புகிறேன். வானிலை, தீயணைப்பு, காவல்துறை, விமானங்கள் ஆகிய நான்கையும் கேட்க வேண்டும். 200 டாலருக்குள் முடிய வேண்டும். இணையத்தில் தேடினால் 100 டாலருக்கும் இருக்கிறது, 700 டாலருக்கும் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பது விளங்கவில்லை. இதற்கிடையே ஒரு வீட்டின் பழைய பொருள் விற்பனையில் 800 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கும் ஸ்கேனர் ஒன்று 40 டாலருக்கு வந்தது. அதை எடுத்துக்கொள்ளலாமா?

பழைய அலை:

நண்பரே, அந்த 40 டாலரைக் கொடுக்காதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வானிலை. அதற்கு ஸ்கேனரே தேவையில்லை. அமெரிக்க வானிலைத் துறையின் ஒலிபரப்பு 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஏழு அலைவரிசைகளில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கென்றே செய்யப்பட்ட வானிலை வானொலியை 30, 40 டாலருக்கு வாங்கி, உங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், எண்ணை அதில் பதிந்து, மாற்று பேட்டரி போட்டுப் படுக்கையறையில் வைத்துவிட்டால், உங்கள் பகுதிக்கு எச்சரிக்கை வரும்போது மட்டும் அது தானே விழித்துக் கத்தும். ஸ்கேனரும் அந்த ஒலிபரப்பை எடுக்கும் என்றாலும், தூங்குகிறவரை எழுப்பும் வேலையை அதனிடம் ஒப்படைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அன்று கேட்டது பெரும்பாலும் ஸ்கைவார்ன் தன்னார்வலர்களின் பேச்சாக இருக்கும். புயல் நேரத்தில், பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் தாங்கள் கண்ணால் கண்டதைத் தங்களுக்கென உள்ள 2 மீட்டர் பட்டையில் வானிலை அலுவலகத்துக்குத் தெரிவிப்பார்கள். அது சாதாரண எஃப்எம் பேச்சு. மிக மலிவான ஸ்கேனரிலும் தெளிவாகக் கேட்கும்.

இனி 100 டாலருக்கும் 700 டாலருக்கும் உள்ள வேறுபாடு. முன்பெல்லாம் தீயணைப்புக்கு ஓர் அலைவரிசை, காவலுக்கு ஓர் அலைவரிசை என்று நிலையாக இருந்தது. அதைப் பதிந்துவிட்டால் போதும். இப்போது பெருநகரங்களில் டிரங்கிங் முறை வந்துவிட்டது. பத்துப் பதினைந்து அலைவரிசைகள் எல்லாத் துறைகளுக்கும் பொது. ஒருவர் பேசும் பொத்தானை அழுத்தியவுடன், கட்டுப்பாட்டுச் சேனல் ஒன்று அந்த நொடியில் காலியாக இருக்கும் அலைவரிசையை அவருடைய குழுவுக்கு ஒதுக்கும். அடுத்த வாக்கியத்துக்கு வேறோர் அலைவரிசை கிடைக்கலாம். ஆகவே ஸ்கேனர் அந்தக் கட்டுப்பாட்டுச் சேனலின் தரவைப் படித்து, குழுவின் எண்ணைப் பின்தொடர்ந்து ஓட வேண்டும். இதற்கு மேல் பேச்சே டிஜிட்டலாகிவிட்டது. அமெரிக்கப் பொதுப் பாதுகாப்புத் துறைகளில் அதற்குப் பெரும்பாலும் பி25 என்று பெயர். அதிலும் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என இரண்டு உண்டு. இரண்டாம் கட்டத்தில் ஒரே அலைவரிசையை நேர அடிப்படையில் இரண்டாகப் பகிர்ந்து, இரண்டு உரையாடல்களை ஓட்டுகிறார்கள். இவ்வளவையும் அவிழ்க்கத் தெரிந்த பெட்டிக்குத்தான் அந்த 700 டாலர்.

நீங்கள் பார்த்த பழைய பெட்டி 800 மெகாஹெர்ட்ஸை எடுக்கும், ஆனால் அனலாக் மட்டுமே என்றால், அந்தப் பட்டையில் உங்களுக்குக் கேட்கப் போவது தேனீக்கூட்டை உலுக்கியது போன்ற இரைச்சல்தான். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் மெகாஹெர்ட்ஸைப் பார்த்து ஸ்கேனர் வாங்கக் கூடாது. முதலில் அலைவரிசைகளைப் பட்டியலிடும் ரேடியோ ரெஃபரன்ஸ் தளத்தில் உங்கள் கவுண்டியின் பக்கத்தைத் திறந்து, நீங்கள் கேட்க விரும்பும் ஒவ்வொரு துறைக்கும் நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அனலாக்கா, பி25 முதல் கட்டமா, இரண்டாம் கட்டமா, பல கோபுரங்கள் ஒன்றாக அனுப்பும் சிமுல்காஸ்டா, பிறர் கேட்க முடியாதபடி பேச்சைப் பூட்டும் மறைகுறியாக்கம் உண்டா என்ற ஐந்தும் தெரிந்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

மேசைக்கணினி:

பழைய அலை அவர்கள் சொன்னதில் எனக்கு ஓர் உடன்பாடின்மை உண்டு. 700 டாலர் ஏன் செலவழிக்க வேண்டும்? டிஜிட்டல் தொலைக்காட்சிக்காகச் செய்யப்பட்ட யுஎஸ்பி துண்டுகளில் இருந்த ஆர்டிஎல்2832யு சில்லு, கணினிக்கு மூல அலைத் தரவையே அனுப்பிவிடும் என்பது 2012 வாக்கில் தெரியவந்தது. அதிலிருந்து உருவானதுதான் ஆர்டிஎல்-எஸ்டிஆர். இன்று 30, 40 டாலருக்குக் கிடைக்கிறது. ஏறத்தாழ 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கிறது. எஸ்டிஆர்டிரங்க் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் பி25 இரு கட்டங்களும் வேலை செய்கின்றன. ஸ்கேனர் ஒரு நேரத்தில் ஓர் உரையாடலை மட்டும் தரும். இதுவோ தன் பார்வைக்குள் விழும் எல்லாக் குழுக்களையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து வைக்கிறது.

ஒரு துண்டு ஒரே சமயத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத்தான் பார்க்கும் என்பதால், அலைவரிசைகள் பரவிக் கிடக்கும் கட்டமைப்புக்கு இரண்டு அல்லது மூன்று துண்டுகள் வேண்டியிருக்கும். அப்படியும் 120 டாலரைத் தாண்டாது. வாங்கும்போது, வெப்பம் மாறினாலும் அலைவரிசை பிசகாத படிகமான டிசிஎக்ஸ்ஓ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான படிகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கு பிசகினாலே 850 மெகாஹெர்ட்ஸில் 42 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். சேனலின் அகலமே 12.5 கிலோஹெர்ட்ஸ் என்னும்போது, அது மூன்று வீடு தள்ளிக் கதவைத் தட்டுவதற்குச் சமம்.

பழைய அலை:

கணக்கு சரிதான், மறுக்கவில்லை. என்னிடமும் மூன்று துண்டுகள் இருக்கின்றன. ஆனால் கேட்டவர் புயல் இரவில் படிக்கட்டுக்கு அடியில் குழந்தைகளோடு நின்றவர். மின்சாரம் போன நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து, மூன்று துண்டுகளைச் செருகி, மென்பொருள் எழும்பும் வரை காத்திருக்கச் சொல்வது பொருந்துமா? அந்த மென்பொருளுக்குப் பேச்சை அவிழ்க்கும் ஜேஎம்பிஇ என்ற கூறுநிரலை நாமே தனியாக உருவாக்கிச் சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். கணினி பழகியவருக்கு அது சில நிமிட வேலை; மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும்.

சிமுல்காஸ்ட் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது என் பணத்தைத் தின்ற விஷயம் என்பதால் விரித்தே சொல்கிறேன். 2011-இல் ஒஹையோவில் இருந்தபோது, அன்றைக்குக் கிடைத்தவற்றில் விலை உயர்ந்த ஒரு டிஜிட்டல் ஸ்கேனரை, பி25 எல்லாம் எடுக்கும் என்று கடைக்காரர் உறுதி சொன்னதை நம்பி வாங்கி வந்தேன். வீட்டில் வைத்தால் சிக்னல் ஐந்து கோடும் நிறைந்திருக்கிறது. பேச்சோ வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போல் சிதறுகிறது. பெரிய ஆண்டெனா வாங்கிப் போட்டேன், இன்னும் மோசமானது.

காரணம் இது. நகரம் முழுவதும் சீராகக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பல கோபுரங்கள் ஒரே செய்தியை, ஒரே அலைவரிசையில், ஒரே நொடியில் அனுப்புகின்றன. இரண்டு கோபுரங்களுக்கு இடையில் இருக்கும் வீட்டுக்கு இரண்டு அலைகளும் ஒன்றாக வந்து சேர்வதில்லை. வானொலி அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் போகும். ஒரு கோபுரம் மற்றதைவிட 20 கிலோமீட்டர் கூடுதல் தொலைவில் இருந்தால் அதன் அலை 67 மைக்ரோநொடி பின்தங்கும். பி25 முதல் கட்டத்தில் நொடிக்கு 4,800 குறியீடுகள், அதாவது ஒரு குறியீட்டுக்குச் சுமார் 208 மைக்ரோநொடி. ஆகவே ஒரு குறியீட்டில் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததன் மேல் ஏறி மிதிக்கிறது. சாதாரண எஃப்எம் பகுப்பானை வைத்துச் செய்யப்பட்ட ஸ்கேனர்கள் இந்த இடத்தில் தடுமாறும். பெரிய ஆண்டெனா போட்டால் தூரத்துக் கோபுரமும் சேர்ந்து பலமாக வரும் என்பதால் குழப்பம் கூடும். கடைசியில் நான் கண்டுபிடித்த மருந்து, ஆண்டெனாவைக் குட்டையாக்கி, வீட்டின் கிழக்கு மூலையில் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் ஸ்கேனரை வைப்பது. பெட்டியின் இரும்பு ஒரு கோபுரத்தை மறைத்துவிட, மற்றது தெளிவாகக் கேட்டது. ஏழு ஆண்டுகள் சமையலறையிலேயேதான் கேட்டேன்.

2018-இல் வந்த யூனிடன் எஸ்டிஎஸ்100, அடுத்த ஆண்டு வந்த மேசை வடிவமான எஸ்டிஎஸ்200 ஆகியவை அலையின் வீச்சோடு அதன் அலைவுநிலையையும் (ஃபேஸ்) சேர்த்துப் படிக்கும் ஏற்பியைக் கொண்டவை. இந்தச் சிக்கலை மனத்தில் வைத்தே வந்தவை. உங்கள் கவுண்டி சிமுல்காஸ்ட் என்றால், ஒன்று அவற்றில் ஒன்றை வாங்குங்கள், அல்லது மேசைக்கணினி அவர்கள் சொல்லும் வழிக்குப் போங்கள். இடைப்பட்ட விலையில் பழைய டிஜிட்டல் ஸ்கேனர் மலிவாக வருகிறது என்று வாங்கினால், உங்கள் வீட்டிலும் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் இடம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தண்டவாளம்:

இழையில் எல்லோரும் காவல்துறையையே சுற்றி வருகிறீர்கள். காவல்துறைப் பேச்சு ஆண்டுக்கு ஆண்டு மூடிக்கொண்டே போகிறது. டென்வர் 2019-இல் மறைகுறியாக்கத்துக்குப் போனது, சிகாகோ 2022-இல் போனது, நியூயார்க் காவல்துறை 2023-இல் தொடங்கியது. மறைகுறியாக்கம் வந்துவிட்டால் 100 டாலர் பெட்டியும் ஊமை, 700 டாலர் பெட்டியும் ஊமை. அதை உடைத்துத் தருவதாகச் சொல்லி யாராவது எதையாவது விற்றால் அது ஏமாற்று.

மூடாமல் இருப்பவற்றில்தான் எனக்குச் சுவை. விமானப் பட்டை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. உலகம் முழுவதும் இன்னும் பழைய ஏஎம் முறைதான். அதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமானவர் மற்றவரை அப்படியே விழுங்கிவிடுவார், விழுங்கப்பட்டதே தெரியாது. ஏஎம்மில் இருவரும் மோதி ஒரு கீச்சொலி எழும், உடனே கட்டுப்பாட்டாளர் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லுவார். உங்கள் வீட்டிலிருந்து டாலஸின் டிஎஃப்டபிள்யூ விமான நிலையத்தை நோக்கி இறங்கும் விமானங்கள் நன்றாகவே கேட்கும். ஆனால் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: 35,000 அடி உயரத்தில் போகும் விமானி 200 மைல் தொலைவிலிருந்தும் கேட்பார், அவருக்குப் பதில் சொல்லும் தரைநிலையம் தொடுவானத்துக்குக் கீழே இருப்பதால் கேட்காது. பாதி உரையாடல்தான் கிடைக்கும். பெட்டி பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

அடுத்தது ரயில். 160, 161 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் சாதாரண அனலாக்காகவே இன்னும் ஏராளமாகப் பேசுகிறார்கள். அதில் நான் விரும்பிக் கேட்பது மனிதக் குரலை அல்ல. தண்டவாளத்தின் ஓரத்தில் சில மைல்களுக்கு ஒன்றாகப் பழுது காணும் கருவிகளை நட்டு வைத்திருக்கிறார்கள். சரக்கு ரயில் கடந்து முடிந்தவுடன், அந்தக் கருவி ரயில் நிறுவனத்தின் பெயரையும் மைல்கல் எண்ணையும் சொல்லி, பழுது இல்லை என்று அறிவித்து, மொத்த அச்சுகள் இத்தனை என்று எண்ணிக்கையையும் இயந்திரக் குரலில் வாசிக்கும். அச்சின் தாங்கி சூடேறியிருந்தால் எத்தனையாவது அச்சு, எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். நள்ளிரவில் ஊர் அடங்கிக் கிடக்கும்போது அந்தக் குரல் வந்தால், அடுத்த பத்து நிமிடத்தில் என் வீட்டுச் சன்னல் அதிரும்.

இவற்றுக்கெல்லாம் யூனிடன் பிசி125ஏடி போதும். நூறு டாலரைச் சற்றுத் தாண்டும். 500 சேனல்கள், 10 தொகுதிகள். விமானம், ரயில், கடல், அமெச்சூர், ராணுவ விமானங்கள் பேசும் 225 முதல் 380 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் உண்டு. 700, 800 மெகாஹெர்ட்ஸ் கிடையாது, டிஜிட்டல் கிடையாது. சாதாரண ஏஏ பேட்டரி இரண்டு போட்டால் ஓடும் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பிளேனோவாசி:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி கவுண்டியின் பட்டியலைத் திறந்து ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். நான் இருக்கும் பகுதியின் காவல் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு நேராக மறைகுறியாக்கக் குறி இருக்கிறது. தீயணைப்பு திறந்திருக்கிறது, ஆனால் பி25 இரண்டாம் கட்டம், சிமுல்காஸ்ட். இந்த ஒரு மாலை எனக்கு 600 டாலரை மிச்சப்படுத்திவிட்டது. வானிலை வானொலி ஒன்றும் பிசி125ஏடி ஒன்றும் வாங்கிவிட்டேன். தீயணைப்புக்கு ஒரு துண்டைப் பின்னால் முயன்று பார்க்கிறேன்.

இப்போதைய சிக்கல் வேறு. உடன் வந்த ரப்பர் ஆண்டெனாவில் விமானம் கேட்கிறது, ரயில் அரைகுறையாகக் கேட்கிறது. கூரையில் ஆண்டெனா வைக்கக் குடியிருப்போர் சங்கம் அனுமதிக்கவில்லை. தொலைக்காட்சி ஆண்டெனாவைத் தடுக்கக் கூடாது என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி இருக்கிறதே, அதைக் காட்டலாமா?

மச்சு ஆண்டெனா:

காட்ட முடியாது. அந்த விதி தொலைக்காட்சி, செயற்கைக்கோள் தட்டு, நிலையான கம்பியில்லா இணையம் ஆகியவற்றுக்குத்தான். ஸ்கேனர் ஆண்டெனாவுக்குப் பொருந்தாது. ஆனால் அமெரிக்க வீடுகளில் மரச்சட்டமும் தார்த்தகடும் வேய்ந்த கூரைக்குக் கீழே மச்சு வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? உலோகக் கூரையாகவோ உலோகத்தாள் ஒட்டிய வெப்பத் தடுப்பாகவோ இல்லாமல் இருந்தால் போதும்.

கடையில் வாங்காமலே செய்யலாம். 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் வரும். ரயிலுக்கு 161 என்றால் 46 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். விமானத்துக்கு 125 என்றால் 60. அந்த நீளத்தில் ஒரு செம்புக் கம்பியை நேராக நிமிர்த்தி இணைப்பானின் நடுமுனையில் பற்றவைத்து, அதே நீளத்தில் நான்கு கம்பிகளைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வெளியுறையில் பற்றவையுங்கள். என் மச்சில் எட்டு ஆண்டுகளாகத் தொங்குவது உடுப்பு மாட்டும் கம்பிகளால் ஆனது. ரயிலுக்கு வெட்டினாலும் விமானத்துக்கு ஓரளவு உதவும். எல்லாப் பட்டைகளையும் ஒன்றே எடுக்க வேண்டும் என்றால் டிஸ்கோன் வகை இருக்கிறது. எல்லாவற்றையும் சுமாராக எடுக்கும்.

பலர் கோட்டை விடுவது கேபிளில். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 50 அடி போட்டால், 850 மெகாஹெர்ட்ஸில் மேலே கிடைத்த சிக்னலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் கீழே வந்து சேரும். தொலைக்காட்சிக்குப் போடும் ஆர்ஜி-6 அதே நீளத்தில் பாதியைக் காப்பாற்றும். அது 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம், பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் அதனால் வரும் இழப்பு மிகச் சிறிது. 160 மெகாஹெர்ட்ஸில் எந்தக் கேபிளுக்கும் இழப்பு குறைவு என்பதால் உங்களுக்கு இப்போதைக்கு ஆர்ஜி-6 தாராளம்.

எதிர்காலத்தில் எப்போதாவது வெளியே கம்பம் நட்டால், கம்பத்தையும் கேபிளின் உறையையும் நிலத்தோடு இணைத்து, இடிதாங்கி போடாமல் கேபிளை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அந்த ஊர் இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிளேனோவாசி:

மச்சில் கம்பி ஆண்டெனா வைத்தாயிற்று. ரயில் பிரமாதம். ஆனால் விமானப் பட்டையில் இப்போது பேச்சுக்குப் பின்னால் ஏதோ பாட்டு கேட்கிறது. இரைச்சல் தாங்காமல், பலவீனமான சிக்னலை அடக்கும் ஸ்க்வெல்ச் குமிழை ஏற்றினேன். பாட்டு நின்றது, விமானிகளும் நின்றுவிட்டார்கள். ரப்பர் ஆண்டெனாவில் இந்தத் தொல்லை இல்லை.

மச்சு ஆண்டெனா:

அது உள்ளூர் எஃப்எம் வானொலி. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை பெரும் ஆற்றலோடு அடிக்கும் நிலையங்கள், பெரிய ஆண்டெனா வந்ததும் ஸ்கேனரின் முன்பகுதியைத் திணறடிக்கின்றன. விமானப் பட்டை அதற்கு அடுத்த வீடு. எஃப்எம் பட்டையைத் தடுக்கும் வடிகட்டி 15, 20 டாலருக்குக் கிடைக்கும். கேபிளுக்கும் பெட்டிக்கும் நடுவில் திருகி வையுங்கள். அதுவரை விமானத்துக்கு மட்டும் அந்த ரப்பர் ஆண்டெனாவையே போட்டுக் கேளுங்கள். சிக்னலைக் குறைத்தால் நன்றாகக் கேட்குமா என்று தோன்றும்; திணறுகிற பெட்டிக்குக் குறைத்துக் கொடுத்தால்தான் விழுங்கும்.

ஸ்க்வெல்ச் குமிழை வைக்கும் முறை இது. யாரும் பேசாத ஒரு சேனலில் நிறுத்தி, குமிழை முழுவதும் இறக்கி இரைச்சலை வரவிடுங்கள். மெல்லத் திருப்பிக்கொண்டே போய் இரைச்சல் நிற்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு மயிரிழை கூடுதலாகத் திருப்புங்கள். அதற்கு மேல் திருப்பும் ஒவ்வொரு துளியும் தூரத்தில் இருப்பவரின் வாயை அடைப்பதுதான். ஆண்டெனா மாற்றினால் மீண்டும் ஒருமுறை வைக்க வேண்டும்.

தண்டவாளம்:

இன்னொன்று. 500 சேனலும் இருக்கிறது என்று 500-ஐயும் நிரப்பாதீர்கள். ஸ்கேனர் ஒன்றில் நிற்கும்போது மற்ற 499-லும் என்ன பேசினாலும் உங்களுக்குக் கிடையாது. ரயிலுக்கு ஒரு தொகுதி, விமானத்துக்கு ஒன்று, புயலுக்கு ஒன்று எனப் பிரித்து, அந்த நேரத்துக்கு வேண்டியதை மட்டும் திறந்து வையுங்கள். ஒருவர் பேசி முடித்ததும் பதில் வரும் வரை இரண்டு நொடி காத்திருக்கும் அமைப்பையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் பெட்டி வேறெங்கோ ஓடிவிடும்.

தாம்பரம் வாசகன்:

இழையை ஆவலோடு படித்து வருகிறேன். டெக்சாஸில் இருக்கும் என் தம்பி பொங்கலுக்கு ஊர் வருகிறான். பிசி125ஏடி ஒன்றை வாங்கி வரச் சொல்லலாமா? எங்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் விமானங்கள் இறங்குகின்றன.

கோவை அமெச்சூர்:

வேண்டாம் ஐயா. இந்தியாவில் உரிமம் இல்லாமல் வானொலிச் சாதனத்தை வைத்திருப்பதையே 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் குற்றமாக்கியது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவியை வைத்திருக்க அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. விமான நிலையத்துக்கு அருகில், மொட்டைமாடியில், ஆண்டெனா நீட்டிய பெட்டியோடு நின்று நான் கேட்க மட்டுமே செய்தேன் என்று விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்கு வர வேண்டாம். தம்பிக்குச் சுங்கத்திலேயே அது வந்துவிடலாம்.

ஆர்வம் உண்மையானது என்றால் அமெச்சூர் நிலையத் தேர்வு எழுதுங்கள். கட்டுப்படுத்தப்பட்ட தரம், பொதுத் தரம் என இரண்டு இருக்கின்றன. தேறி உரிமம் பெற்றால் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில் கேட்பது மட்டுமல்ல, பேசவும் செய்யலாம். பன்னாட்டு விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் சில நாட்களில் அதன் குரலைக் கேட்கலாம். கோயம்புத்தூரில் ஒரு மாலை அந்தக் குரலைக் கேட்ட நாளில் நான் இரவு உணவை மறந்துவிட்டேன்.

தேம்சுக் கரை:

லண்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கே ஸ்கேனரை வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் எதைக் கேட்கலாம் என்பதில் சட்டம் இறுக்கமானது. பொதுமக்களுக்கான ஒலிபரப்பு, அமெச்சூர், யாரும் பேசக்கூடிய சிபி போன்றவற்றைத் தவிர, நமக்கென்று அனுப்பப்படாத ஒன்றை வேண்டுமென்றே கேட்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி குற்றம். விமானங்களைக் கேட்பவர்கள் நிலையங்களின் வேலியோரம் வெளிப்படையாகவே நிற்கிறார்கள் என்பது வேறு கதை. நான் கதைப்பதும் கேட்பதும் அமெச்சூர்ப் பட்டையோடு சரி. காவல்துறை முழுவதும் மறைகுறியாக்கிய டெட்ரா முறைக்கு எப்போதோ போய்விட்டது. ஆகவே அமெரிக்க நண்பர்கள் இங்கே பயணம் வரும்போது பெட்டியைக் கொண்டுவந்து ஏமாற வேண்டாம்.

பழைய அலை:

சட்டம் என்றதும் அமெரிக்காவில் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். இங்கே வீட்டில் கேட்பது பொதுவாகத் தடையில்லை. கைப்பேசி உரையாடல்களைக் கேட்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, அந்தப் பகுதியை ஸ்கேனர்களிலேயே அடைத்துவிட்டார்கள். ஆனால் நியூயார்க், ஃபுளோரிடா, இண்டியானா, கென்டக்கி, மினசோட்டா போன்ற மாநிலங்களில் வாகனத்தில் ஸ்கேனர் வைத்திருப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. நெடும்பயணம் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ஸ்கேனரில் கேட்டதாகச் சொல்லி, மாரடைப்பு என்று ஆம்புலன்ஸ் போன வீட்டின் முகவரியை அப்படியே போட்டார். அந்த வீட்டுப் பெண் இந்தியாவில் இருந்தார்; கணவருக்கு என்ன என்பது மருத்துவமனையிலிருந்து அவருக்குத் தெரியும் முன்பே குழுவில் இருபது பேர் இரங்கல் எழுதிவிட்டார்கள். கணவர் பிழைத்துக்கொண்டார் என்பது பிறகு தெரிந்தது. கேட்டதைப் பிறருக்கு வெளியிடுவதைப் பற்றிக் கூட்டாட்சித் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 705-ஆம் பிரிவில் விதிகளும் இருக்கின்றன. தீயணைப்பைக் கேட்கத் துண்டு வாங்கப் போகிற நண்பருக்கு இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பிளேனோவாசி:

சொன்னது மனத்தில் பதிந்தது. எஃப்எம் வடிகட்டி போட்டபின் பாட்டு அறவே நின்றுவிட்டது.

திருநெல்வேலியில் இருந்து அப்பா வந்திருக்கிறார். தெற்கு ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த நாள் முதல் பெட்டியைக் கண்டுகொள்ளாதவர், நேற்றிரவு அந்த இயந்திரக் குரல் மொத்த அச்சுகள் 412 என்று வாசித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டார். அது என்ன என்று விளக்கினேன். "ஹாட் ஆக்ஸில் பார்க்கத்தானே? நாங்கள் வண்டி கடக்கும்போது இரண்டு பக்கமும் ஆள் நின்று பார்ப்போம். புகை வருகிறதா, நெருப்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கார்டுக்குப் பச்சை காட்டுவோம்" என்றார். பிறகு 412 அச்சென்றால் எத்தனை வேகன் என்று கணக்குப் போட்டு, எஞ்சின்களுக்கு ஆறு ஆறு அச்சாக மூன்று எஞ்சினைக் கழித்து, 98 வேகன் வருகிறது, சந்தேகமாக இருக்கிறது, இவ்வளவு நீளம் விடுவார்களா என்று என்னைக் கேட்டார். 412-இலிருந்து 18 போனால் 394; நான்கால் வகுபடவில்லை, இரண்டு மிச்சம் என்பதிலேயே இன்று காலை வரை நிற்கிறார்.

விமானத் தொகுதியும் திறந்திருக்கும்போது ரயில் சேனலைத் தவற விடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? அப்பா கேட்கச் சொல்கிறார்.

தண்டவாளம்:

ரயில் சேனலை முன்னுரிமைச் சேனலாக வைத்துவிடுங்கள். பெட்டி எங்கே நின்றுகொண்டிருந்தாலும் இரண்டு நொடிக்கு ஒருமுறை அங்கே எட்டிப் பார்த்துவிட்டு வரும். அந்த எட்டிப் பார்ப்பால் விமானப் பேச்சு இடையிடையே சற்று வெட்டுப்படும். அப்பாவுக்கு அது பொருட்டாக இருக்காது என்று நினைக்கிறேன். இரண்டு அச்சுக்கு விடையும் சொல்லிவிடுங்கள்: இங்கே கொள்கலன் ஏற்றும் வேகன்களில் மூன்று, ஐந்து எனப் பல பகுதிகளை ஒன்றாகக் கோத்து, அடுத்தடுத்த பகுதிகளுக்கு ஒரே சக்கரக்கூட்டைப் பொதுவாக வைத்திருப்பார்கள். ஐந்து பகுதி வேகனுக்கு 12 அச்சு, மூன்று பகுதிக்கு 8. அதுவும் நான்கால் வகுபடுகிறதே என்று கேட்பார். நான்கு அச்சு எஞ்சின் ஒன்று நடுவில் இருந்திருந்தாலும் மிச்சம் மாறும். எஞ்சின்கள் மூன்றுதான் என்பதை யார் எண்ணியது என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.

பிளேனோவாசி:

கேட்டேன். ஊகம்தானாம். இரண்டோ நான்கோ என்றால் கணக்கு நேராகிவிடும் என்று இப்போது சொல்கிறார். இன்றிரவு சன்னலோரம் நாற்காலி போட்டாயிற்று.